துவைக்கக் கூடாத யூனிஃபார்ம்

மில்லில் புதிதாக லேப் இன்சார்ஜாக வந்திருக்கும் ஹரிகா போன மாதம் போன் செய்தாள். துணியில் நாற்றம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். எலெக்ட்ரானிக் மூக்கு என்று பெயராம்.

“இத்தனை வருஷம் நீங்க சொந்த மூக்கால செஞ்ச வேலை மேடம் இது. கம்பெனி மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்” என்றாள்.

மெஷின் வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதற்கு ஜலதோஷம் பிடிக்காது. மத்தியானம் சாப்பிடப் போகும்போது காலையில் மோந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வராது. முக்கியமாக, தான் மோந்தது என்ன என்று யாரிடமும் போய்ச் சொல்லாது. எங்கள் முதலாளி எந்தக் காலத்திலும் அப்படிப்பட்ட ஊழியரைத்தான் விரும்பினார்.

மலருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். முதலாளியின் தொலைநோக்கு, தொழிலாளர் உழைப்பு, கடவுள் கிருபை மூன்றும் அதில் இருக்கின்றன. அதில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் சித்தூரில் மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவள். டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட மைக்ரோபயாலஜியைப் படித்தேன். சில வருஷம் ஒரு பால் கம்பெனி லேபில் பாலில் எத்தனை கிருமி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு நகரியில் வாக்கப்பட்டேன். நகரியில் பாலைவிடத் துணி அதிகம். ஊர் முழுக்க விசைத்தறிச் சத்தம். அந்தத் தறிகளில் நெய்து வரும் துணிக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கும் மில் ஒன்று புத்தூர் ரோட்டில் இருந்தது. அவர்கள் ‘கிருமி தெரிந்த ஆள் தேவை’ என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். கிருமிக்கும் எனக்கும் பழைய பழக்கம். சேர்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். வியர்வைக்குத் தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. அதைத் தின்று வாழும் கிருமிகள் விடும் வாயுதான் நாறுகிறது. துணியிலேயே கிருமியைக் கொன்றுவிட்டால் நாற்றமும் இல்லை. இதற்காகத் துணியை மருந்துத் தண்ணீரில் முக்கி, ரோலரில் பிழிந்து, ஸ்டென்டர் என்ற நீளமான சூட்டு மெஷினில் விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். மருந்து நூலோடு ஒட்டுவதற்குப் பைண்டர் என்று ஒரு பசை சேர்ப்பார்கள். ஒட்டாமல் மேலே மிஞ்சி நிற்கும் மருந்தைப் போக்கக் கடைசியில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு அலசு அலசுவார்கள். இந்தக் கடைசி அலசுதான் பின்னால் வரும் அத்தனை கூத்துக்கும் காரணம்.

என் மேலதிகாரி டெக்னிக்கல் மேனேஜர் நாகபூஷணம் சார். தெலுங்குக்காரர். எதைச் சொன்னாலும் “பர்வாலேதம்மா”, அதாவது பரவாயில்லை அம்மா, என்பார். சாயம் திட்டுத் திட்டாக வந்தாலும் பர்வாலேது, பாய்லர் நின்றாலும் பர்வாலேது. ஒருமுறை கூரை ஷீட் காற்றில் பறந்துபோனபோதுகூட அண்ணாந்து பார்த்துவிட்டு “பர்வாலேதம்மா, வெளிச்சம் வருது” என்றார்.

கிருமியைக் கொல்லும் துணி தயாரிக்கும் மில்லின் மேனேஜருக்குக் கிருமி என்றால் உயிர்ப் பயம். ரிடையராகும்வரை அவர் லேபுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகத்தான் பேசுவார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் பவுடர், மூக்கில் மடித்த கைக்குட்டை. நான் உள்ளிருந்து கண்ணாடித் தட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் அங்கிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிம்மா” என்பார். தள்ளிப் பிடித்தால், “தெரியலையே” என்பார்.

தட்டு என்றால் அகார் ஊற்றிய தட்டு. கஞ்சி உறைந்தது போல் இருக்கும். அதன்மேல் கிருமியைச் சமமாகப் பூசி, நடுவில் துணித் துண்டை வைத்து, உடம்புச் சூட்டில் இன்குபேட்டரில் ஒருநாள் வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மங்கலாகப் படர்ந்திருக்கும். துணியில் மருந்து இருந்தால் துண்டைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம் தெரியும். அங்கே கிருமி வளரவில்லை என்று அர்த்தம். ஞாயிறுபள்ளிப் படங்களில் பரிசுத்தவான்களின் தலையைச் சுற்றி வரைந்திருப்பார்களே, அதே மாதிரி.

நாகபூஷணம் சாருக்கு வட்டம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு சந்தோஷம். நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்: “சார், வட்டம் பெரிசா வந்தா மருந்து துணியில ஒட்டாம வெளிய கசியுதுன்னு அர்த்தம். நல்ல துணியில வட்டம் சின்னதாத்தான் இருக்கணும்.”

“பர்வாலேதம்மா. பார்ட்டிக்குப் பெரிய வட்டம்தான் பிடிக்குது.”

வாங்க வருபவர்கள் அந்தத் தட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

தட்டுப் பரீட்சை முடிந்தால் மூக்குப் பரீட்சை. ஒரு பனியனின் இடப்பக்கத்தை மருந்து போட்ட துணியிலும் வலப்பக்கத்தைப் போடாத துணியிலும் வெட்டி, நடுவில் சேர்த்துத் தைப்போம். லோடிங்கில் துணிக்கட்டு தூக்கும் ஆட்களுக்குக் கொடுத்து ஒருநாள் போட்டுக்கொள்ளச் சொல்வோம். பவுடர் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, முந்தின நாளிலிருந்தே பூண்டும் கருவாடும் கூடாது. கருவாடு கூடாது என்றதும் பாதிப் பேர் விஞ்ஞானத்தைக் கைவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்களின் பனியனில் அக்குள் பகுதியை மட்டும் வெட்டி, கண்ணாடி ஜாடியில் அடைத்து, லேசாகச் சூடேற்றி, மூடியைத் திறந்து மோந்து மார்க் போட வேண்டும். வாசனையே இல்லை என்றால் பூஜ்யம். தாங்க முடியாது என்றால் ஐந்து. எந்த ஜாடி எந்தப் பக்கம் என்று மோப்பவருக்குத் தெரியக் கூடாது.

மோப்பதற்கு நான், ஸ்டோர்கீப்பர், கேன்டீனில் சமைக்கும் கோவிந்தம்மா மூன்று பேர். அன்றைக்கு டீ கிடையாது, வெற்றிலை கிடையாது, தலையில் பூ கிடையாது. கோவிந்தம்மா எல்லா ஜாடியையும் ஆழமாக மோந்துவிட்டு எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுவாள். கண்ணில் தண்ணீர் வழியும்; கை பூஜ்யம் எழுதும்.

“நிஜமாவே நாறலையா கோவிந்தம்மா?”

“நாறாம இன்னா மேடம், கொடலைப் புடுங்குது.”

“அப்புறம் ஏன் பூஜ்யம் போடற?”

“மூட்டை தூக்கறவன், புள்ளகுட்டிக்காரன். நாறுறான்னு நான் எய்தி வெச்சிட்டா அவன் பொழப்பு இன்னாவாறது?”

இது ஆளுக்கு வைக்கும் பரீட்சை இல்லை, துணிக்கு வைக்கும் பரீட்சை என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. “துணிக்குப் பரீட்சைன்னா அத்தை ஏன் ஆள் மேல மாட்டி உடறீங்க?” என்று கேட்டாள். அடுத்த ஜாடியை அவளிடம் நீட்டினேன். கோவிந்தம்மாவின் பூஜ்யங்களால் எங்கள் சராசரி எப்போதும் பிரமாதமாக வந்தது. நாகபூஷணம் சார் அவளை மாற்றவே விடவில்லை.

வீட்டில் இந்த வேலையால் ஒரே ஒரு நன்மை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே குளித்துத் துணி மாற்றி உட்கார்ந்திருப்பார். கல்யாணமான புதிதில் நான் எவ்வளவோ சொல்லியும் நடக்காதது அது.

கொரோனா வந்துபோன பிறகு எங்கள் தொழிலுக்கு ராஜயோகம் அடித்தது. கிருமி என்ற பேச்சே தெரியாதவர்கள்கூடத் துணிக்கடையில் போய், “கிருமி சாகற மாதிரி ஏதாவது காட்டுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேட்டி, துண்டு, தலையணை உறை எல்லாவற்றுக்கும் மருந்து ஏற்றினோம். அந்தச் சமயத்தில்தான் திருப்பதியிலிருந்து பிரசாத் என்ற கான்ட்ராக்டர் வந்தார்.

லாட்ஜ்களுக்கு ஹவுஸ்கீப்பிங் ஆள் அனுப்புவது அவர் தொழில். அவரிடம் ஏறக்குறைய நாற்பது பெண்கள். ரூமுக்கு ரூம் போய்ப் போர்வை மாற்றி, பாத்ரூம் தேய்த்து, குப்பை அள்ளி, மாடிப்படி துடைப்பவர்கள். லிஃப்ட் விருந்தினருக்கு மட்டும். பெண்கள் படியேறித்தான் போக வேண்டும். இப்படிக் காலையிலிருந்து ஏறி இறங்குகிறவர்கள்மீது மல்லிகை மணம் வரவில்லை என்று யாரோ ஒரு யாத்ரிகர் நெட்டில் குறை எழுதி ஒரு ஸ்டாரைக் குறைத்துவிட்டார். பிரசாத் அதற்காகத் தூக்கமில்லாமல் தவித்தார். மாடிப்படியைக் குறைக்கலாம், ஆளைக் கூட்டலாம் என்று வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். அவருக்குத் துணியை மாற்றலாம் என்று தோன்றியது.

மெரூன் கலரில், புடவைக்கு மேலே போடும் கோட்டு. நாங்கள் செய்து கொடுத்த சாம்பிள் துணியை நான்தான் பரீட்சை செய்தேன். நன்றாகவே இருந்தது. துவைத்துத் துவைத்துப் பார்த்தும் மருந்து ஓரளவு நின்றது. ‘துவைத்தாலும் பலன் உண்டு’ என்று எழுதிக் கொடுத்தேன். சேல்ஸ் ஆபீஸில் அந்த வாக்கியம் கொஞ்சம் இளைத்து, ‘துவைக்கத் தேவையில்லை’ என்று லேபிளில் ஏறியது. திருப்பதி போய்ச் சேர்ந்தபோது அது இன்னும் இளைத்து, ‘துவைக்கக் கூடாது’ என்று ஆகிவிட்டது. துவைத்தால் மருந்து போய்விடும், அப்படித் துவைக்கிறவளுக்கு வேலையும் போய்விடும் என்று பிரசாத் பெண்களிடம் சொல்லிவிட்டார். முன்பு ஆளுக்கு இரண்டு கோட்டு கொடுத்தவர் இப்போது ஒன்றுதான் கொடுத்தார். துவைக்காத துணிக்கு மாற்றுத் துணி எதற்கு?

இதற்கு நடுவில் மில்லில் கோடைக் காலம். போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. மொத்த ஆர்டர் ஓடும்போது, கடைசி அலசு தண்ணீருக்குத் தண்டம் என்று யாரோ முடிவு செய்து நிறுத்திவிட்டார்கள். சாம்பிளை மட்டும் என்னிடம் கொடுத்தவர்கள், ஓட்டியதை ஒரு முழம்கூட லேப் பக்கம் அனுப்பாமல் நேராகத் தையலுக்கு அனுப்பினார்கள்.

சில மாதம் கழித்துத் திருப்பதியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. மூன்று கோட்டுகள். நாகபூஷணம் சார் ஜன்னலுக்கு வந்தார்.

“பிரசாத் அனுப்பியிருக்கார்மா. ரெண்டு கோட்டுல வாசனை இல்ல. இந்த ஒண்ணுல மட்டும் வியர்வை நாத்தம். இதைப் போட்டவ ரகசியமாத் துவைச்சிருக்கான்னு சந்தேகப்படறார். துவைச்சாளா இல்லையான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லணுமாம்.”

“சொன்னா என்ன செய்வாராம்?”

“வேலையை விட்டு அனுப்பிடுவாராம்.”

பாலில் தண்ணீர் கலந்தவனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். சாயத்தில் ஏமாற்றியவனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். அழுக்குத் துணியைத் துவைத்த குற்றத்துக்காக ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுக்கும் பாக்கியம் அதுவரை வாய்த்ததில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். துவைக்கும் பவுடரில், துணி பளிச்சென்று தெரிவதற்காக ஒரு பொருள் சேர்ப்பார்கள். புற ஊதா விளக்கில் அது நீலமாக மின்னும். மெரூன் துணிக்கு நாங்கள் அதைப் போடுவதில்லை. மூன்று கோட்டையும் விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு இருட்டாகக் கிடந்தன. மூன்றாவது கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாதிரி மின்னியது. துவைத்திருக்கிறாள். ஒருமுறை இல்லை, பல முறை.

அதோடு விட்டிருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மூன்றையும் அகார் தட்டில் வைத்துப் பார்த்தேன். துவைத்த துணியைச் சுற்றி வட்டமே இல்லை. துவைக்காத இரண்டிலும் கிருமி ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க, தட்டு முழுக்க வட்டம். சாம்பிளில் நான் பார்த்தது அரிசி அகல வட்டம். இது அலசாத துணி என்று தட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒட்டாத மருந்தும் பசையும் அப்படியே துணிமேல் உட்கார்ந்திருக்கின்றன. வியர்வை பட்டால் எங்கே இறங்கும்?

ஜன்னலில் தட்டைக் காட்டினேன். நாகபூஷணம் சார் முகம் மலர்ந்தது.

“எவ்வளவு பெரிய வட்டம்மா!”

“சார், இது அகார்ல இறங்கின மருந்து. மனுஷத் தோல்லயும் இப்படித்தான் இறங்கும்.”

“பர்வாலேதம்மா. துவைச்சதா இல்லையான்னுதானே கேட்டார்? அதை மட்டும் எழுது.”

எழுதாமல் ஒருநாள் தள்ளினேன். மறுநாள் கேட்டில் யாரோ ஒரு பெண் டெஸ்ட் செய்கிறவரைப் பார்க்க வேண்டுமென்று நிற்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். முப்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றி முந்தானையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். பெயர் ராஜேஸ்வரி. பிறந்த ஊர் நகரிதான். நைனா தறி ஓட்டியவர். வாக்கப்பட்டது ஏர்பேடு. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் திருப்பதி லாட்ஜுக்கு வேலைக்குப் போகிறாள். அந்த மூன்றாவது கோட்டு அவளுடையது.

“சூப்பர்வைசர் சொன்னாரு மேடம், கோட்டை நகரி மில்லுக்கு அனுப்பிக்கீது, டெஸ்ட்ல எல்லாம் தெரிஞ்சிடும்னு. நிஜமா தெரிஞ்சிடுமா?”

“தெரிஞ்சிடும்மா.”

அவள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு முந்தானையை விலக்கினாள். கழுத்தில் காலர் படும் இடம் முழுக்கத் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. ஆறிக்கொண்டிருந்த புண்.

“எனுக்கு இது கொஞ்சம்தான் மேடம். மத்தவங்கள நீங்க பாக்கணும். சொறிஞ்சிக்கினே போர்வை மாத்தறாங்க. ஒரு அக்காவுக்கு அக்குள்ள தோலே உரிஞ்சி போச்சி. வேர்க்குருன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. நான் மட்டும் மாசத்துக்கு ஒருதபா லீவுல துவைச்சிக்குவேன். கொடியில போட்டு மேல பொடவையை விரிச்சி மறைச்சிக் காயவெப்பேன். துவைச்ச பொறவு எரிச்சல் கொறைஞ்சிது. ஆனா நாத்தம் வந்துடிச்சி. மாட்டிக்கினேன்.”

முந்தானையைத் திரும்பக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். “துவைச்சது தப்பா மேடம்?”

அவளைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். நாகபூஷணம் சார் வழக்கமான இடத்தில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். “சார், வட்டம் பிடிக்கும்னு சொல்வீங்களே, பாருங்க” என்றேன். ராஜேஸ்வரி முந்தானையை விலக்கினாள். அவர் பார்த்தார். கைக்குட்டை மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது. பர்வாலேது என்று சொல்வார் என்று காத்திருந்தேன். திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

கேட் வரை ராஜேஸ்வரியோடு நடந்தேன். அப்போது அவளுக்கு விஞ்ஞான விதி ஒன்றைச் சொன்னேன். ஒரே ஒரு துணியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அதனால் வருகிற வியாழக்கிழமை நானே லாட்ஜுக்கு வந்து, அத்தனை பேருடைய கோட்டிலிருந்தும் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் பார்ப்பேன். ஒருத்தி மட்டும் துவைத்திருந்தால் அவள் மாட்டிக்கொள்வாள்.

“ஒருத்தி மட்டும் துவைச்சிருந்தா” என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

“ஆமாம். அது விதி” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

நாகபூஷணம் சாரிடம் எல்லாக் கோட்டையும் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் வண்டி ஏற்பாடு செய்தார். தானும் வருவதாகச் சொன்னதுதான் ஆச்சரியம்.

வியாழக்கிழமை காலை திருப்பதி. வெயில் மண்டையைப் பிளந்தது. வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. பிரசாத், தான் ஆள் அனுப்பும் லாட்ஜ்களில் பெரியதன் வாசலில் வரவேற்று, லிஃப்டில் மேலே அழைத்துப் போனார். பெண்களை மொட்டை மாடியில் வரிசையாக நிற்கச் சொல்லியிருந்தாராம்.

மாடிக் கதவைத் திறந்ததும் எதிரே மெரூன் கலரில் ஒரு சுவர். கொடி கொடியாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோட்டுகள் தொங்கின. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பைப்பை நோக்கிப் போன தண்ணீரில் நுரை. பெண்கள் சாதாரணப் புடவையில் ஓரமாக நின்றார்கள். ராஜேஸ்வரி கடைசியில், கொடிக்குப் பின்னால்.

பிரசாத் ஒரு கோட்டைப் பிடித்துப் பிழிந்து பார்த்தார். பிறகு “எவரு உதிகாரு? யாரு துவைச்சது?” என்று கத்தினார்.

வயதான ஒரு அம்மா, கழுத்தைச் சொறிந்துகொண்டே, “யாரும் துவைக்கலைங்க. மழைங்க” என்றாள்.

“மழையா? எங்க பெய்ஞ்சுது?”

“இங்கதாங்க. இந்த மாடி மேல.”

யாரோ ஒரு பெண் புடவையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரசாத் என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க டெஸ்ட் பண்றவங்க. இது மழையா, சோப்பா? இப்பவே சொல்லுங்க. சோப்புன்னா இன்னிக்கே எல்லாரையும் அனுப்பறேன்.”

விளக்குப் பெட்டியெல்லாம் எதற்கு? அந்த மாடியில் நின்ற காக்காய்க்குக்கூடத் தெரியும் அது என்ன என்று. நாற்பது பெண்களும் என் வாயைப் பார்த்தார்கள். உண்மை சொன்னால் நாற்பது குடும்பம். பொய் சொன்னால், அத்தனை வருஷம் சொல்லாத பொய்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாகபூஷணம் சார் முன்னால் போனார். கிருமிக்குப் பயந்து லேப் வாசலை மிதிக்காத மனிதர், ஊரார் வியர்வை பட்ட ஒரு கோட்டை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு நேரே கொண்டுபோய், நன்றாக இழுத்து மோந்தார். வெள்ளைச் சட்டையில் மெரூன் தண்ணீர் சொட்டியது.

“வானதான் சார். மழையேதான்” என்றார். “மழை பட்ட துணியில டெஸ்ட் செல்லாது. எழுதும்மா, மழையில் நனைந்துவிட்டதால் பரிசோதிக்க இயலவில்லை.”

எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக எப்போதும் வந்ததில்லை.

பிரசாத் கொஞ்ச நேரம் குதித்தார். ஆனால் புரட்டாசிக் கூட்டம் தலைக்கு மேலே நின்றது. நாற்பது பேரை ஒரே நாளில் அனுப்பினால் ரூமை அவரேதான் பெருக்க வேண்டும். யாரையும் அனுப்பவில்லை. ராஜேஸ்வரிமேல் மட்டும் ஆத்திரம் தீரவில்லை. அவளுக்கு ஒரு தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்று, பெரிய லாட்ஜின் அண்டர்கிரவுண்டில் இருந்த லாண்டரிக்கு மாற்றினார். “துவைக்கிறதுன்னா உனக்கு அவ்வளவு ஆசையா? போ, அங்க போய்ப் பொழுதன்னிக்கும் துவை” என்றாராம்.

மறுநாளே மில்லில் கடைசி அலசு திரும்ப வந்தது. யார் கேட்டாலும் நாகபூஷணம் சார் “சும்மா ஒரு அலசு” என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஏன் அந்த மாடியில் அப்படிச் செய்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ரிடையராகிப் போகும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் நின்றார்.

லாண்டரியில் என்ன நடந்தது என்பதை ராஜேஸ்வரி பிறகு போனில் சொன்னாள். அங்கே பெரிய பெரிய மெஷின்கள். லாட்ஜ் போர்வைகள் போகும் மூட்டைக்குள்ளேயே தினமும் ஐந்தாறு மெரூன் கோட்டு சுருண்டு வரும். போர்வையோடு துவைத்து, போர்வையோடு காய்ந்து, போர்வைக்குள் மடிந்து மேலே போகும். காயும் வரைக்கும் அந்த ஐந்தாறு பேர் லாண்டரிப் பக்கமே வேலை வைத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் வாரம் ஒருமுறை முறை வரும்படி பெண்களே பேசி வைத்துக்கொண்டார்கள். கழுத்துப் புண் எல்லாருக்கும் ஆறிவிட்டதாம். மருந்து எப்போதோ போய்விட்டது. துவைத்த துணி நாறாது என்ற பழைய கண்டுபிடிப்பு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

இப்போது இதை எழுதுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. ராஜேஸ்வரி வேறு இடத்தில் லாண்டரி சூப்பர்வைசர். பிரசாத் லாட்ஜ் கான்ட்ராக்டை விட்டுவிட்டு, பங்காருபாளையம் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு ஆள் அனுப்புகிறார் என்று கேள்வி.

நான் ரிடையராவதற்குச் சில நாள் முன்னால், இன்னும் லாட்ஜ் தொழிலில் இருந்த பிரசாத், ஸ்வீட் பெட்டியும் சால்வையுமாக மில்லுக்கு வந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகியும் கோட்டுகளில் துளி நாற்றம் இல்லையாம். நெட்டில் எல்லாரும் முழு ஸ்டார் போடுகிறார்களாம். இதே துணியில் இன்னொரு ஆர்டர் வேண்டுமாம். முதலாளி ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டுக் கைதட்ட வைத்தார். பிரசாத் எனக்குச் சால்வை போர்த்திவிட்டு, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அன்னிக்கு மழையில நனைஞ்சதுக்கு அப்புறம் ஒரு தடவைகூடத் துவைக்கல மேடம், புதுசு மாதிரி இருக்கு. அப்படி என்னதான் போடறீங்க அதுல?”

“அதை வெளிய சொன்னா வேலை போயிடும் சார்” என்றேன்.

கம்பெனி ரகசியம் என்று புரிந்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டினார்.